மூன்று வீடு தள்ளி

ஜனவரி 8

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவளை நலம் என்று எழுதலாமா, நீயே சொல். உன் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றில் டீ குடிப்பதை நிறுத்தினாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன வாரம் நீ பேசினாய் அல்லவா, அம்மாவின் காதருகே போனை வைத்தேன். அவ்வளவுதான், மாலை வரை வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் வந்தால் ஆளும் வந்துவிட்டான் என்று நினைக்கிறாள். "அவன் வரலம்மா, போன்ல பேசினான்" என்று பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன். கண்ணை எடுக்கவில்லை. எனவே இனிமேல் கடிதம். எனக்கும் இருபத்தாறு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய கை. எழுத்தைப் பார்க்காமல் இருந்தால் என்னவோபோல் இருக்கிறது. உன் கடிதத்தைத் திருத்திக்கூட வைப்பேன். நீ இன்னும் முற்றுப்புள்ளிக்குப் பதிலாகக் கோழிமுட்டை போடுகிறாயா? பள்ளிக்கூடத்தில் அதற்காக எத்தனை குட்டு வாங்கினாய்!

பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அம்மாவிடம் மிச்சமிருக்கும் பேச்சு ஒரே ஒரு சொல். "பாப்பா." ஐம்பத்திரண்டு வயதுப் பாப்பா ஓடி ஓடிப் போகிறேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கிறேன், துடைக்கிறேன், துணி அலசுகிறேன், கஞ்சி ஊட்டுகிறேன். ஒரு கிண்ணம் கஞ்சி இறங்க ஐம்பது நிமிடம்.

நேற்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, நாட்டின் உற்பத்தி ஆறு சதவீதம் உயர்ந்துவிட்டதாம். அந்தக் கணக்கைக் கூட்டுகிற அலுவலகத்தில்தானே நீ இருக்கிறாய்? அதில் நான் எந்த வரியில் வருகிறேன்? சும்மா கேட்டேன். வேலையை விட்டு ஒரு வருடமாகிறது, கையிருப்பு கரைகிறது. அதனால் வந்த கேள்வி இது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன். டீயை விடவில்லை, முன்னால் ஒரு பிஸ்கட் சேர்த்திருக்கிறேன். உன் முழங்கால் வலியைப் பற்றி நீ எழுதவே இல்லையே?

உன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். நீ எந்த வரியிலும் இல்லை. அச்சகத்தில் இருந்தபோது இருந்தாய். நீ வேலையை விட்ட அன்று உன் சம்பளம் அளவுக்கு நாடு இளைத்தது. சொந்த வீட்டு ஆட்களுக்குச் செய்வது எங்கள் கணக்கில் வேலையே இல்லை. அதே கஞ்சியை, அதே ஐம்பது நிமிடம், அடுத்த வீட்டு அம்மாவுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊட்டினால் அது வேலை. அப்போது உன்னைச் சேர்த்துக்கொள்வோம். சிரிக்காதே. இந்த விதியை வைத்துத்தான் பதினெட்டு வருடமாக நான் சாப்பிடுகிறேன்.

சிரிப்பது இருக்கட்டும். உங்கள் நகராட்சியில் புதிதாக ஒரு திட்டம் வந்திருக்கிறது. படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்கு ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணிவரை ஒரு பராமரிப்பாளரை அனுப்புவார்கள். சம்பளம் நகராட்சி தரும். ஒரே நிபந்தனை, வருபவர் நோயாளிக்குச் சொந்தமாக இருக்கக்கூடாது. உன் தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கும் தையற்காரி அவள் மாமனாரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிறாள் என்று முன்பு போனில் சொன்னாயே. நீ அவள் மாமனாரைப் பார், அவள் நம் அம்மாவைப் பார்க்கட்டும். இரண்டு பேருக்கும் சம்பளம். சட்டத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

பாதி விளையாட்டாகத்தான் எழுதுகிறேன். ஆனால் விண்ணப்பத்தாள் இரண்டு இணைத்திருக்கிறேன்.

அம்மாவின் கையை எனக்காக ஒரு தடவை பிடித்துவிடு.

உன் தம்பி

பிப்ரவரி 12

அன்புத் தம்பிக்கு,

நலமா? இங்கே எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறோம். முழங்கால் பரவாயில்லை, உட்கார்ந்தால்தான் வலிக்கிறது. உட்கார நேரம் இல்லாததால் வலி தெரிவதில்லை.

உன் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு தண்ணீர்க் குழாயடியில் தையற்காரியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எப்ப எழுதிக் குடுக்கணும்?" என்றாள். தையல் மிஷின் மேல் மாமனாரின் மருந்துப் புட்டிகளை அடுக்கி வைத்திருப்பவள். அவளுக்கு இது விளையாட்டு இல்லை. மறுநாளே போய்ப் பதிந்துவிட்டோம்.

திங்கட்கிழமை முதல் வேலை. காலை ஒன்பதுக்கு நான் அவள் வீட்டுக்குப் போகிறேன், அவள் நம் வீட்டுக்கு வருகிறாள். நடுத்தெருவில் எதிரும் புதிருமாகச் சந்தித்துக்கொள்கிறோம். முதல் நாள் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க மாமாவுக்கு இடது காதுல பேசுங்க" என்கிறாள். "அம்மாவுக்குத் தலகாணி ரெண்டு" என்கிறேன். ஆளுக்கொரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். வந்த நேரம், போன நேரம் எழுத வேண்டும். பணி நேரத்தில் இடத்தைவிட்டு நகர்ந்தால் பெயரை எடுத்துவிடுவார்களாம்.

அவள் மாமனார் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். நல்ல மனுஷர். மணி கேட்பதைத் தவிர வேறு தொந்தரவு கிடையாது.

அம்மாதான் முதல் நாள் தையற்காரியிடம் வாயைத் திறக்கவில்லை. புது ஆள் அல்லவா. பழகிவிடும்.

இப்போது உன் கணக்கில் நான் இருக்கிறேனா?

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அம்மா நலமும் கேட்டு எழுதுகிறேன்.

இருக்கிறாய்! நீயும் இருக்கிறாய், தையற்காரியும் இருக்கிறாள். போன வருடம் எங்கள் நாட்டை இளைக்கவைத்துவிட்டுப் போனவள், இப்போது இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாய்.

மேலாளரிடம் விடுப்பு கேட்டேன். காலாண்டு அறிக்கை முடியட்டும் என்றார். இந்த அறிக்கை முடியும்போது அடுத்த காலாண்டு வந்து நிற்கும், உனக்குத் தெரியாததா. ஜூனில் எப்படியும் வந்துவிடுவேன்.

அம்மா பழகிவிட்டாளா? சாப்பிடுகிறாளா?

உன் தம்பி

மார்ச் 31

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. எல்லாரும் சுகம்.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குக் காற்று மெத்தை வாங்கினேன். முதுகுப் புண் ஆறிவருகிறது. அந்த வகையில் உனக்கு நன்றி. தெருவில் விஷயம் பரவி, இப்போது பதினொரு வீட்டில் இந்தக் கதைதான். கோடி வீட்டுக்காரி கொழுந்தனைப் பார்க்க எதிர்வீட்டுக்காரி போகிறாள், எதிர்வீட்டுக்காரியின் அத்தையைப் பார்க்க இவள் வருகிறாள். காலை ஒன்பது மணிக்குத் தெருவைப் பார்க்க வேண்டுமே, மில்லில் ஷிப்டு மாறுகிற மாதிரி இருக்கும். முன்பெல்லாம் ஒரு வீட்டில் அவசரமென்றால் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து பார்த்துக்கொள்வாள். இப்போது எல்லாரும் பணியில் இருக்கிறோம். "அட்டையில எழுதியாச்சே, எப்படிக்கா வர்றது?" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான்.

அம்மா ஐந்து மணிக்குமேல் நன்றாகச் சாப்பிடுகிறாள்.

சோர்வாக இருக்கிறது. இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். வயிறு மட்டும் கொஞ்சம் படுத்துகிறது.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். இந்தக் காலாண்டு அட்டவணையில் உங்கள் வார்டு எகிறிக் குதித்திருக்கிறது. பராமரிப்புப் பணி என்ற வரியில் சுற்றுவட்டாரத்தில் எங்குமே இல்லாத உயர்வு. மேலாளர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னய்யா நடக்குது அங்க? திடீர்னு எல்லாரும் நோயாளியாயிட்டாங்களா?" என்றார். நோயாளிகள் எப்போதும் போலத்தான் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்பவர்கள் வீடு மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் பதினொரு வீட்டுச் சம்பளமும் போய்விடும். பேசாமல் இருந்துவிட்டேன்.

இவ்வளவு உயர்வு வந்தால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும், அல்லது சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டும். இதுதான் முறை. ஏதோ ஒன்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்தத் தாள்கள் ஆறு மாதம் தூங்கும், யாரும் தொடமாட்டார்கள். கவலைப்படாதே.

ஐந்து மணிக்குமேல் சாப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். பகலில்?

உன் தம்பி

மே 3

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். வயிற்றைக் காட்டிவிட்டு வா, தள்ளிப்போடாதே.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். பகலில் அம்மா ஒரு வாய்கூடச் சாப்பிடுவதில்லை. தையற்காரிமேல் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. என்னைவிடப் பொறுமைசாலி. ஸ்பூனை வைத்துக்கொண்டு கெஞ்சுகிறாள், பாட்டுப் பாடிப் பார்க்கிறாள். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு வாசலையே பார்க்கிறாள். "பாப்பா, பாப்பா" என்று கூப்பிடுகிறாள். ரயில்காரர் வீட்டுப் பின்பக்க ஜன்னல் திறந்திருந்தால் எனக்கு அது கேட்கிறது. மூன்று வீடு தள்ளித்தானே.

ஒரு மாதத்துக்குமேல் பொறுத்துப் பார்த்தேன். மெலிந்துவிட்டாள். இப்போது தினமும் பன்னிரண்டு மணிக்குப் பெரியவரிடம், "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடுகிறேன். அவர் சிக்னல்காரர் அல்லவா, "போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்கிறார், எதைப் பார்த்துக்கொள்வாரோ. என்னைக் கண்டதும் அம்மா வாயைத் திறக்கிறாள். ஐம்பது நிமிடக் கஞ்சியைப் பத்து நிமிடத்தில் ஊட்டிவிட்டு வருகிறேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு அட்டையில் கட்டம் இல்லை. எழுதினால் பெயரும் இருக்காது.

என் அம்மாவைப் பார்க்க நான் திருடி மாதிரி ஓடவேண்டியிருக்கிறது, தம்பி. எனக்கு அலுத்துவிட்டது. இந்த வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். மெத்தைக்கும் மருந்துக்கும் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. விட்டுவிடட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

அக்கா

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது, மன்னித்துக்கொள். அலுவலகத்தில் மூச்சுவிட நேரம் இல்லை.

இப்போது விடாதே அக்கா. ஜூன் மாதம் மட்டும் பொறு. நான் வந்ததும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.

இன்னொன்று. இந்த மாதக் கடைசியிலிருந்து ஜூன் பாதிவரை பகலில் ஓடாதே. ஒன்பது முதல் ஐந்துவரை அந்த வீட்டிலேயே இரு. தையற்காரியிடமும் சொல்லிவை. ஏன் என்று கேட்காதே, நல்லதுக்குத்தான் சொல்கிறேன். அம்மா இரண்டு வாரம் சமாளித்துக்கொள்வாள். மாலையில் சேர்த்து ஊட்டிவிடு.

உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்து இரண்டு வாரமாகிவிட்டது, இன்றுதான் எழுதுகிறேன். நீ சுகமா என்று கேட்கவே கூசுகிறது.

அம்மாவை அனுப்பிவிட்டு உன்னோடு ஒன்பது நாள் இருந்தேன். ஒன்பது நாளும் நீ என்னோடு ஒன்பது வார்த்தை பேசியிருப்பாயா? சாப்பிட்டாயா, துணி காயவைத்தாயா, அவ்வளவுதான். அம்மாவின் கடைசி நேரத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாய். தையற்காரியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலாண்டு அறிக்கை வெளியாகிவிட்டது. உங்கள் வார்டைத் தனியாகக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள். உனக்கு ஒரு பிரதி அனுப்பலாமா என்று எடுத்து வைத்தேன். பிறகு வேண்டாம் என்று மேசைக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது.

உன் தம்பி

ஜூலை 26

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேரில் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். எழுத வரவில்லை அக்கா.

தம்பி

ஆகஸ்ட் 15

அன்புத் தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் வயிறு எப்படி இருக்கிறது? கிழித்தது போதும், நானே எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னபடி நான் பகலில் ஓடவில்லை. ஆறாவது நாள், ஜூன் மூன்றாம் தேதி, பதினொன்றரை மணிக்கு ஒருவர் பையோடு ரயில்காரர் வீட்டுக்கு வந்தார். இந்த வார்டில் வேலை உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். வெயிலில் நடந்து வந்த மனுஷர், சட்டை நனைந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் பெரியவரைத் துடைப்பதையும் புரட்டுவதையும் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு அம்மா கூப்பிட ஆரம்பித்தாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. "யாரோ கூப்பிடறாங்க போல" என்றார் அவர். "ஆமாங்க, மூணு வீடு தள்ளி ஒரு நோயாளி" என்றேன். என் வாயால் அப்படிச் சொன்னேன், தம்பி. ரயில்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

ஒன்றேகால் மணிக்குத் தையற்காரி அட்டையையும் விட்டுவிட்டு ஓடிவந்தாள். "அக்கா, வாங்க" என்றாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனுஷருக்கு விஷயம் தெரியாது. "ரெண்டு நிமிஷம்மா, இந்த ஒரு கட்டம்தான் பாக்கி, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார். போட்டேன். நான் போனபோது அம்மாவின் கை சூடாக இருந்தது. கண் வாசலைப் பார்த்தபடி இருந்தது. கிண்ணத்தில் கஞ்சி அப்படியே இருந்தது.

நான் பக்கத்தில் இருந்திருந்தாலும் போயிருப்பாள் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் நான் பக்கத்தில் இருந்திருப்பேன்.

கையெழுத்துப் போட அவர் நீட்டிய தாளின் மேல் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. "உயர்வுக்குக் காரணம் விளங்கவில்லை. களத்தில் சரிபார்க்கவும்." கடைசியில் முற்றுப்புள்ளிக்குப் பதில் கோழிமுட்டை. மெய்ப்புத் திருத்திய கண் எனக்கு, தப்புமா? பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது நாளும் நான் பேசாததற்கு அதுதான் காரணம். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று பயமாக இருந்தது.

உன்மேல் கோபம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இப்போது அது அலுப்பாகிவிட்டது. பதினொரு வீட்டுச் சம்பளத்தைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் காரணம் விளங்கவில்லை என்று நீ எழுதியிருக்கக் கூடாது. உனக்கு விளங்கியிருந்தது. ஓடாதே என்று எழுதினாயே, ஆள் வருகிறார் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தால், அன்றைக்கு நான் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அம்மாவோடு இருந்திருப்பேன்.

வந்தவர் நல்லவர். விஷயம் தெரிந்ததும் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் அறிக்கையில், வேலை உண்மையாகவே நடக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அவர் பார்த்தவரைக்கும் அது சரிதான்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அச்சகத்தில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். பிரதியை நீ மேசைக்குள் போட்டுவிட்டாய், ஆனால் உங்கள் அறிக்கையே இங்கேதான் மறுபதிப்புக்கு வந்தது. எங்கள் வார்டைப் பற்றிய அந்த இரண்டு வரியை நான்தான் மெய்ப்புப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

ரயில்காரரைப் பார்க்க இப்போது வேறொருத்தி வருகிறாள், சம்பளத்துக்குத்தான், நல்ல பெண். ஆனால் பெரியவர் அவளிடம் வாயைத் திறப்பதில்லை. எனக்குப் பழகிவிட்டார். அதனால் மதிய இடைவேளையில் அச்சகத்திலிருந்து நடந்து போய்ப் பத்து நிமிடம் ஊட்டிவிட்டு வருகிறேன். நான் வாசலில் வரும்போதே மணி சொல்லிவிடுகிறார்.

இதை உன் அட்டவணையில் எங்கேயும் எழுதிவிடாதே. யாராவது சரிபார்க்க வந்துவிடுவார்கள்.

விடுப்பு கிடைத்தால் வா. போன் வேண்டுமானாலும் செய். இனிமேல் கதவைப் பார்க்க இங்கே யாரும் இல்லை.

அக்கா